குமரியில் நான்கு நாட்கள்: எந்த மாதம், எந்தக் கரை, எந்த மலை

கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் முப்பது வயதுக்குள். கன்னியாகுமரி மாவட்டத்தில் நான்கு நாட்கள் தங்கிக் கடலில் நீந்தவும், அலைச்சறுக்குப் பழகவும், மலையேறவும், அருவியில் குளிக்கவும், ஒரு நாள் இரவு கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கவும் ஆசைப்படுகிறோம். ஏப்ரல் கடைசியில் வருவது நல்லதா, ஆகஸ்டில் வருவது நல்லதா?"

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். சபரிமலை சீசனும் பொங்கல் விடுமுறையும் முடிந்து கன்னியாகுமரியில் கூட்டம் குறைந்த பிறகு, ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை உள்ள நாட்களில் வாருங்கள். அப்போதும் உங்கள் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் செய்யச் சொல்ல மாட்டேன். கடலில் நீந்துவதை முழுதாக விட்டுவிடச் சொல்வேன். இதைக் கேட்டு நீங்கள் ஏமாற்றம் அடையலாம் என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் எங்கே போகிறோம் என்பதைக் காட்டிலும் எப்போது போகிறோம் என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்றத் திட்டங்கள் தாமாக அமைந்துவிடும்.

முதலில், இங்கே இருப்பது ஒரு கடற்கரை அல்ல, இரண்டு. குமரி முனைக்குக் கிழக்கே சின்னமுட்டம், வட்டக்கோட்டை என்று மாவட்ட எல்லை வரை போகும் கரை மிகக் குறுகியது. முனைக்கு மேற்கே கோவளம், மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாகக் கேரள எல்லையில் உள்ள நீரோடி வரை நீளும் கரைதான் மாவட்டத்தின் பெரும்பகுதி. இந்த வேறுபாடு விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்திலேயே தெரியும். சின்னமுட்டத்துப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் இருப்பதால், ஒரு துறைமுகத்தில் படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும் வாரங்களில் இன்னொரு துறைமுகத்தில் ஏலம் கூவிக்கொண்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கன்னியாகுமரியில் கடல் அமைதியாக இருந்தது, ஆகவே முட்டத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட ஏப்ரல் கடைசிக்கு வருகிறேன். அந்த வாரங்களில் வானம் வெளுத்திருக்கும், காற்று இருக்காது, மழை இருக்காது. பார்ப்பவர் யாரும் கடலைக் கண்டு பயப்படக் காரணமே தெரியாது. ஆனால் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் 'கள்ளக்கடல்' என்று சொல்லப்படும் கடற்பெருக்கு மிகுதியாக வரும் காலம் அதுவே. தெற்கே, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே கரையேறுகின்றன. இங்கே காற்று அசையாமல் இருக்கும்போதே கடல் திடீரென்று எழுந்து, மணல்மேட்டைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்துவிடும். திருடன் போல் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தப் பெயரை அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. 2024 மே 6ஆம் தேதி, அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நேரத்தில்தான், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. அவர்கள் உங்கள் வயதினர். அவர்கள் கண்ட வானமும் நீங்கள் ஏப்ரல் கடைசியில் காணப்போகும் வானத்தைப் போலத்தான் இருந்திருக்கும். எனக்கு அந்தக் கரையைக் கடக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் மேற்குக் கரையில் நீந்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான இடங்களில் கரை சரிவாக இறங்குகிறது. முழங்கால் ஆழத்தில் நிற்பவர் இரண்டு அடி எடுத்து வைத்தால் கழுத்தளவு ஆழத்தில் இருப்பார். பின்வாங்கும் அலை காலடி மணலைக் குடைந்துகொண்டு போவதால், நின்ற இடத்திலேயே குழியில் இறங்குவது போல் ஆகிவிடும். இவற்றையும் விடக் கொடியது, அலைகள் கொண்டுவந்து குவித்த நீர் ஒரு குறுகிய வாய்க்கால் போலத் திரண்டு கடலுக்குள் திரும்பும் நீரோட்டம். அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருப்பதால், பழக்கம் இல்லாதவர்கள் அதையே அமைதியான இடம் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் அருகிலும், ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களிலும் இத்தகைய ஓட்டம் பலமாக இருக்கும். யாராவது சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடக் கூடாது. மிதந்தபடியே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து ஓட்டத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் கரையை நோக்கித் திரும்ப வேண்டும். இதை அறிந்திருப்பது நல்லது என்றாலும், அறிந்துவிட்டோம் என்ற துணிச்சலில் இறங்குவது அதைவிட ஆபத்தானது.

பள்ளம் என்ற மீனவ ஊர்ப் பக்கத்தில் ஒரு விடியற்காலையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கரையில் வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் ஒரு பெரியவர் தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, அலை உடையும் இடத்துக்கு அப்பால் வீசினார். பிறகு எதுவும் பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மட்டை ஐந்து நிமிடத்தில் எங்களுக்கு இடப்பக்கமாகத் தென்னை நான்கைந்து கடந்து போய்விட்டது. "நீவாடு கூடுதலா இருக்கு, இன்னைக்கு வலை நிக்காது" என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். வள்ளத்தைத் தள்ள வந்தவர்கள் திரும்பிப் போய்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்கள். எனக்கு அந்தக் கடல் முந்தின நாள் கண்ட அதே கடலாகத்தான் தெரிந்தது. நீங்கள் எந்தக் கரைக்குப் போனாலும் முதலில் இப்படி ஒருவரைத் தேடி, "அண்ணாச்சி, கடல் இன்னைக்கு எப்படி?" என்று கேளுங்கள். இறங்க வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலைச்சறுக்கு பழக வேண்டும் என்ற ஆசையைக் குமரியில் தீர்த்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். அதற்குப் பயிற்சிப் பள்ளிகளும் உயிர்காப்பாளர்களும் உள்ள இடம் தேவை. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும், கேரளத்தில் கோவளமும் வர்க்கலையும் அதற்குப் பெயர் பெற்றவை. கன்னியாகுமரிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள கோவளம் வேறு; அது மீனவ ஊர். பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பலகை வாடகைக்குக் கிடைக்குமா என்று இங்கே வந்து விசாரிக்காதீர்கள்.

ஆகஸ்டைப் பற்றி ஒரு சில வார்த்தைகள் போதும். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழையின் பின்பகுதி அது. அருவிகள் நிறைந்திருக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கவே முடியாத காற்று வீசும், மேற்குக் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். மலை அடிவாரங்களைப் பார்க்க அருமையான காலம். ஆனால் காட்டுப் பாதைகளில் அட்டை ஏறும், பாறைகளில் பாசி வழுக்கும். நவம்பர், டிசம்பரைத் தவிர்க்கச் சொல்வது வடகிழக்குப் பருவமழைக்காக மட்டும் அல்ல. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்து ரப்பர் மரங்களையும் வாழைகளையும் சாய்த்து, கடலுக்குப் போன எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்ட காலம் அது.

இனி மகிழ்ச்சியோடு சொல்லக்கூடியவற்றுக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தின் உண்மையான சிறப்பு, மேற்குத் தொடர்ச்சி மலை தன் தெற்குக் கோடியில் கடலை ஏறத்தாழத் தொட்டுவிடுகிறது என்பதே. காலையில் மலை உச்சியில் நின்றவர் மதியச் சாப்பாட்டை மீனவர் ஊரில் சாப்பிடலாம். அந்த நெருக்கத்தை ஒரே பார்வையில் காட்டும் இடம் கொட்டாரத்துக்கு அருகில், பொற்றையடிக்குப் பக்கத்தில் உள்ள மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்பது மக்களின் நம்பிக்கை. ஸ்ரீநாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையும் இங்கே உள்ளது. முதலில் படிகள், பிறகு வெறும் பாறை. நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சியை அடைந்துவிடலாம்.

இந்த மலையில் இருட்டு பிரியும் முன்பே கால் வைத்துவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் பாறை சூடேறத் தொடங்கினால் நிழலுக்கு ஒதுங்க இடம் குறைவு. ஒருமுறை பிப்ரவரியில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம். படிகள் முடியும் வரை வியர்த்துக் கொட்டியது. கடைசிப் பாறையைச் சுற்றித் திரும்பியதும் கிழக்கிலிருந்து அடித்த காற்று சட்டையை முதுகோடு ஒட்டியது, அதுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டோம். கீழே கண்ணாடித் துண்டுகள் போலக் குளங்கள், அவற்றைத் தாண்டித் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் வளைந்த கடற்கரை, வடக்கே திரும்பினால் முப்பந்தல் காற்றாலைகள். பையில் பழம் இருந்தால் குரங்குகள் விடாது. பையின் வாயைக் கட்டிப் பழத்தை உள்ளேயே வையுங்கள். பிளாஸ்டிக் போத்தலைக் கீழே கொண்டுவந்துதான் போட வேண்டும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

காட்டுக்குள் நடப்பதற்கு அனுமதி கட்டாயம். மாவட்டத்தின் வடக்குப் பகுதி முழுவதும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். யானையும் காட்டுமாடும் சிறுத்தையும் இருக்கும் காடு, காணிப் பழங்குடி மக்கள் வாழும் காடு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வகுத்து, இணையத்தில் முன்பதிவு செய்து பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போகும் திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத் தீ அபாயம் உள்ள கோடை வாரங்களில் இந்தப் பாதைகள் மூடப்படும் என்பதும் பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வந்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம். அனுமதி வாங்காமல், 'நான் கூட்டிக்கொண்டு போகிறேன்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சிக்கினால் அபராதம் என்பதற்காக மட்டும் அல்ல, காட்டுக்குள் கால் பிசகினால் உங்களைத் தேடி வரவேண்டியவர்களுக்கு நீங்கள் எங்கே போனீர்கள் என்றே தெரியாது.

அவ்வளவு தூரம் நடக்க மனமில்லை என்றால் கீரிப்பாறை வழியாகக் காளிகேசம் போங்கள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை, பிறகு வனத்துறைச் சோதனைச் சாவடி, அதன் பிறகு பாறைகளுக்கு இடையே சலசலக்கும் ஓடையும் காளி கோயிலும். மதியத்துக்கு மேல் மலையில் மழை பெய்தால் ஓடையில் நீர் நிமிடங்களில் ஏறிவிடும். தெளிந்த நீர் கலங்கிச் சருகுகளோடு வரத் தொடங்கினால் துணியைக்கூட எடுக்காமல் கரையேறிவிடுங்கள். அழகியபாண்டியபுரம் பக்கம் உள்ள உலக்கை அருவி நடந்து போய்ச் சேர வேண்டியது என்பதால் கூட்டம் குறைவு. ஆனால் ஜனவரிக்குப் பிறகு நீர் மெலிந்துவிடும்.

திற்பரப்பில் கோதையாறு ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து அகன்ற பாறை மேல் விழுகிறது. உங்களுக்குக் குளிக்க ஏற்ற இடம் இதுதான். மேலே தடுப்பணையில் படகும் உண்டு. இந்த ஆற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீர் திறந்தால் அருவியில் குளிக்கத் தடை விதிப்பார்கள். அங்கிருந்து திரும்பும் வழியில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைத் தவறவிடாதீர்கள். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பாசன நீரைக் கொண்டுபோகும் பாலம். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திட்டமிடப்பட்டது. தொட்டியை ஒட்டிய குறுகிய நடைபாதையில், ஒரு கை ஓரத்தில் ஓடும் நீரும் மறு கை ஓரத்தில் பாதாளமும் இருக்க, பாலத்தின் நீளம் முழுவதும் நடக்க வேண்டும். உயரத்துக்குப் பயந்தவர் உங்களில் ஒருவர் இருந்தால் அவரை வற்புறுத்தாமல் படிகள் வழியே கீழே ஆற்றுக்கு அனுப்பிவையுங்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்ப்பதும் மெய்சிலிர்க்கும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அது சைக்கிள். கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாகக் கோவளம், மணக்குடி, சொத்தவிளை, இராஜாக்கமங்கலம் வழியாக முட்டம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் வரும். ஜனவரி, பிப்ரவரிக் காலைகளில் காற்று கிழக்கும் வடகிழக்குமாக இருப்பதால் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு மேற்கே மிதிக்கலாம். ஆடிக் காற்றுக் காலத்தில் இதே பாதையில் போனால் ஒவ்வொரு மிதியும் ஏற்றம் ஏறுவது போல் இருக்கும். முட்டத்தில் சாலை முடியும் இடத்தில் செம்மண் மேடும், கலங்கரை விளக்கமும், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பெரும் பாறைகளும் உண்டு. பாறை நுனியில் நின்று படம் எடுக்க வேண்டாம். ஈரமாக இருக்கும் பாறை, அலை அங்கே வரை வருகிறது என்பதற்குச் சாட்சி. காய்ந்த பாறையில் மட்டும் உட்காருங்கள்.

வழியில் மணக்குடியில் இறங்கியே தீர வேண்டும். பழையாறு கடலில் கலக்கும் காயல் அது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அங்கே இருந்த பாலத்தையே தூக்கிப் போட்டது. இப்போது நீங்கள் கடப்பது புதிய பாலம். காயலோரத்தில் அலையாத்தி மரங்கள் வளர்ந்திருக்கின்றன. சுசீந்திரம், தேரூர்க் குளங்களோடு சேர்ந்து இந்தப் பகுதி பறவைகளுக்குப் பெயர் பெற்றது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல், உலகளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வலசை வரும் பறவைகள் இருக்கும் பருவமும் நான் சொல்லும் ஜனவரி, பிப்ரவரிதான். துடுப்புப் படகு அனுபவம் வேண்டும் என்றால் பொழிமுகத்தை விட்டு விலகி, காயலின் உட்பகுதியில், உள்ளூர்க்காரர் ஒருவரின் வள்ளத்தில், மிதவைச் சட்டை அணிந்து போங்கள்.

கடற்கரையில் கூடாரம் அடிப்பதைப் பற்றி. உங்களுக்குக் காலியாகத் தெரியும் மணல், அங்குள்ளவர்களுக்கு வேலை செய்யும் இடம். அதிகாலை மூன்று மணிக்கே வள்ளங்கள் இறங்கும், கரையிலிருந்தே இழுக்கும் பெரிய வலையான கரைமடியை இழுக்கக் கயிறுகள் நீளும், வலைகள் காயும். அதோடு பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும் மாதங்களும் இவையே. கூடார விளக்கும் நெருப்பும் தாய் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளை, வெளிச்சத்தைக் கடல் என்று எண்ணி எதிர்த்திசையில் நடக்க வைத்துவிடும். ஆகவே மணலில் தங்காதீர்கள். ஏதேனும் ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு, விடியுமுன் கரைக்குப் போங்கள். கரைமடி இழுப்பவர்களிடம் கேட்டுவிட்டு நீங்களும் கயிற்றைப் பிடிக்கலாம். அரைமணி நேரத்தில் உள்ளங்கை சிவந்து, உங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் கிடைக்காத களைப்பு கிடைக்கும். காயும் வலையைத் தாண்டவோ மிதிக்கவோ கூடாது. சுற்றிப் போக வேண்டும்.

நாட்களை இப்படி அமைத்துக்கொள்ளலாம். இரவு ரயிலில் நாகர்கோவில் வந்து சேரும் முதல் நாள் உடம்புக்கு ஓய்வாகத் திற்பரப்பும் தொட்டிப்பாலமும். இரண்டாம் நாள் வனத்துறை முன்பதிவு கிடைத்த பாதை, கிடைக்காவிட்டால் காளிகேசம். மூன்றாம் நாள் இருட்டில் மருந்துவாழ்மலை, மாலையில் வட்டக்கோட்டை மதில் மேல் நடை. நான்காம் நாள் சைக்கிள். ஏப்ரலில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் சைக்கிள் பயணத்தைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, கடலைக் கரையிலிருந்து மட்டும் பாருங்கள்; கிளம்பும் முன் இன்காய்ஸ் எச்சரிக்கையைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகளை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தால், அன்று மேற்குக் கரையிலும் தண்ணீரில் கால் நனைக்காதீர்கள்.

பையில் தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல பிடிப்புள்ள காலணி, நெற்றி விளக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போதும். உணவைச் சுமக்க வேண்டாம். வழியெங்கும் மட்டிப்பழம் என்னும் சிறிய வாழைப்பழக் குலைகள் தொங்கும். ஒரு சீப்பு வாங்கி ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டால் மதியம் வரை தாங்கும். மதியத்துக்கு மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் எங்கே கிடைக்கும் என்று அந்தந்த ஊர்த் தேநீர்க் கடையில் கேட்டாலே கைகாட்டிவிடுவார்கள்.